நம் மருந்து ஊர் மருந்தானபோது: பெருந்தொற்றும் மூட்டுவாத நோயாளிகளும் – ஒரகடம் வட்டாரம் தரும் பாடம்

2020 மார்ச் கடைசி வாரம். நாடு முழுவதும் ஊரடங்கு. இரவு பகலாகக் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஓடும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலை வெறிச்சோடிப் போனது. அரிசி, பருப்பு, முகக்கவசம், சானிடைசர் என்று எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். முடக்குவாதமும் லூபஸும் உள்ளவர்களின் வீடுகளில் மட்டும் இன்னொரு தேடலும் நடந்தது. பல வருடங்களாக மாதாமாதம் வாங்கிச் சாப்பிட்டு வந்த ஒரு சாதாரண மாத்திரை, கடைக்குக் கடை கேட்டாலும் கிடைக்கவில்லை.

அந்த மாத்திரை ஹைட்ராக்சி குளோரோகுயின். அதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த வாரத்தில் அதைப் பேசினார்கள். ஆனால், அது இல்லாமல் வாழ முடியாதவர்களைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

பெருந்தொற்று அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. நாமும் அந்த நாட்களை மறக்கத் தொடங்கிவிட்டோம். ஆனால், நீண்டகால நோயோடு வாழ்பவர்கள் அன்று எந்தெந்த இடத்தில் கைவிடப்பட்டார்கள் என்பதைப் பார்க்காமல் விட்டால், அடுத்த நெருக்கடியிலும் அதே இடங்களில்தான் கைவிடப்படுவார்கள்.

இது வெறும் மூட்டுவலி அல்ல

நம் வீடுகளில் மூட்டு வலிக்கிறது என்று சொன்னால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் முதல் பதில். வயதால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் வழிதவறி, தன் மூட்டுகளையே தாக்குவதுதான் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. அந்த விறைப்பு தளர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் ஒரேபோல் வீங்கும். கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிப்போகும். கண், நுரையீரல், இதயம் என்று மற்ற உறுப்புகளையும் அது பாதிக்கலாம்.

உலக அளவில் இருநூறு பேரில் ஒருவர் முதல் நூறு பேரில் ஒருவர் வரை இந்த நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதே குடும்பத்தைச் சேர்ந்த லூபஸ் நோய் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. அந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் நாற்பத்தைந்து வயதுக்கும் இடையில்தான் அது தலைகாட்டும்.

இந்த இடத்தில் ஒரகடம் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010 முதல் ரெனால்ட் நிசான், அதன் பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி, ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். லூபஸ் முதன்முதலில் தலைகாட்டும் வயதிலுள்ள பெண்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடியிருக்கும் வட்டாரம் இது. ஆனால், அந்த நோயைக் கண்டுபிடிக்கும் நிபுணரைப் பார்க்கச் சுமார் 40 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

மாத்திரை எங்கே போனது?

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2020 மார்ச் 21 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் டிரம்ப் ஹைட்ராக்சி குளோரோகுயினைப் புகழ்ந்து ட்விட்டரில் எழுதினார். அடுத்த இரண்டு நாட்களில், மருத்துவப் பணியாளர்களும் தொற்று உறுதியானவர்களின் வீட்டாரும் இதை முன்தடுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.சி.எம்.ஆர். பணிக்குழுவின் பரிந்துரை வந்தது. மக்கள் மருந்துக்கடைகளுக்கு ஓடினார்கள். தேவை இருந்ததோ இல்லையோ, வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 25 அன்று மத்திய அரசு இந்த மருந்தின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மறுநாளே இது அட்டவணை எச்1 மருந்தாக அறிவிக்கப்பட்டது. அதாவது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதிக் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடங்கள் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 4 அன்று ஏற்றுமதித் தடை இன்னும் இறுக்கப்பட்டது. அமெரிக்காவின் அழுத்தத்துக்குப் பிறகு ஏப்ரல் 7 அன்று தளர்த்தப்பட்டது.

எச்1 அறிவிப்பின் நோக்கம் சரியானதுதான். பதுக்கலைத் தடுக்க வேண்டும், இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய மருந்தை யாரும் தாமாகச் சாப்பிடக் கூடாது. ஆனால், அதே வாரத்தில் வெளிநோயாளிப் பிரிவுகள் சுருங்கின, பஸ்கள் நின்றன. பழைய சீட்டோடு போனால் "புதுச் சீட்டு கொண்டு வாங்க" என்ற பதில் வரும். புதுச் சீட்டு வாங்க மருத்துவரிடம் போக வழியில்லை. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் மூடியபோது நடுவில் சிக்கிக்கொண்டவர் நீண்டகால நோயாளி.

இந்த மாத்திரை உடலில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாக வெளியேறும். நாலு நாள் விட்டால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுப்போனால் அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பும். லூபஸ் நோயாளிக்கு அது சிறுநீரகத்தில் போய் முடியலாம். அதனால்தான் இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஏப்ரலில் தீர்ந்த மாத்திரையின் விலையைச் சிலர் ஆகஸ்டில் கொடுத்திருப்பார்கள். அதற்குள் செய்தி பழையதாகியிருக்கும்.

இத்தனைக்கும், கொரோனாவுக்கு அந்த மருந்து உதவியதா? பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூன் 5 அன்று, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு இதனால் பலனில்லை என்று அறிவித்தது. ஜூன் 15 அன்று அமெரிக்கா தன் அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் இந்த மருந்தைக் கைவிட்டது. இந்தியாவின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து இது நீக்கப்பட்டது 2021 செப்டம்பரில்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கொரோனாவில் உண்மையிலேயே உயிர் காத்த மருந்துகளில் சில, மூட்டுவாத நோயாளிகளின் அலமாரியிலிருந்து வந்தவைதான். 2020 ஜூன் 16 அன்று பலன் உறுதியான டெக்சாமெத்தசோன் அவர்களுக்கு நன்கு தெரிந்த ஸ்டீராய்டு வகை. டோசிலிசுமாப் ஊசியும் பாரிசிடினிப் மாத்திரையும் முடக்குவாதத்துக்காகவே பயன்பாட்டுக்கு வந்தவை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் டோசிலிசுமாப் நாடெங்கும் கிடைக்காமல் மக்கள் அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். உயிருக்குப் போராடுபவருக்கு அந்த ஊசி போனதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால், ஒரு மருந்தை ஊர் முழுக்கத் தேடும்போது, ஏற்கனவே அதை நம்பியிருப்பவருக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நிர்வாகத்துக்கு வேண்டும். ரேஷன் கடையில் அரிசிக்குச் செய்யத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமல்ல.

மாவட்ட எல்லையும் இ-பாஸும்

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காஞ்சிபுரம் மாவட்டம். சென்னை வேறு மாவட்டம். சாதாரண நாளில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. 2020இல் அதைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களின் பல பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் அரசு பஸ்கள் ஓடத் தொடங்கியதே செப்டம்பர் 7 அன்றுதான்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள், ரத்த அணுக்களையும் கல்லீரலையும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். ஐந்தாறு மாதங்கள் மருத்துவரைப் பார்க்காமல் அதே சீட்டில் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு. பயந்து மருந்தையே நிறுத்தியவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொலைமருத்துவத்துக்கான நெறிமுறை 2020 மார்ச் 25 அன்றே வந்தது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி இலவச ஆலோசனை தொடங்கியது. பழைய நோயாளிக்கு வீடியோ அழைப்பில் சீட்டு எழுதித் தர சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால், கைபேசியை மகனிடமோ கணவரிடமோ கொடுத்து வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு அது போய்ச் சேர்ந்தது?

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுவந்த நல்ல திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறை சிகிச்சை, வலிநிவாரணப் பராமரிப்பு என்று அது தொடங்கியது. மாதாமாதம் மாத்திரை தேவைப்படும் முடக்குவாத நோயாளிகளையும் இப்படிப்பட்ட திட்டத்துக்குள் கொண்டுவரக் கேட்பது நியாயமான கோரிக்கை.

அசெம்பிளி லைனில் நிற்கும் நோயாளி

2021 மே மாதம், இரண்டாம் அலை. மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. ஆனாலும் வாகனத் தொழிற்சாலைகள் இயங்க அனுமதி இருந்தது. அதே நாளில் ஹூண்டாய் தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டு உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். மறுநாள் முதல் ஐந்து நாட்கள் ஆலை மூடப்பட்டது. ரெனால்ட் நிசான் தொழிலாளர் சங்கம், சமூக இடைவெளி பின்பற்றப்படவில்லை என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. நிர்வாகம் அதை மறுத்தது. மே 26 முதல் அந்த ஆலையும் சில நாட்கள் மூடப்பட்டது.

அந்தப் போராட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவானது. அதற்குள் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு லைனில் நின்றவரின் நிலை என்ன? அவர் எழுந்து "எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது" என்று சொல்லியிருக்க முடியுமா? நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சியாளருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம்தான் இருக்கிறது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு விரல் மடங்காமல் எழுந்து, வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு, வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுபவர்கள் நோயைச் சொல்வதில்லை, மறைக்கிறார்கள். வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். உள்ளே மூட்டு அரிப்பது தொடரும்.

1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழ் அன்று இருந்த உரிமைகளைப் பலர் அறியவில்லை. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடக்கம். உரிய நாட்கள் பங்களிப்பு செலுத்தியிருந்தால், மருத்துவர் சான்றோடு வருடத்துக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அந்த உதவி பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது. 34 வகை நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வரை, இரண்டு வருடங்கள் வரை நீட்டிக்கப்பட்ட உதவியும் உண்டு. சட்டங்கள் தொகுப்பாக மாறிவரும் இன்று, நடப்பு விதி என்ன, நம் நோயின் நிலை அந்தப் பட்டியலில் எப்படி என்பதைக் கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. கேட்காதவருக்கு யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

தடுப்பூசியும் பயமும்

2021 மார்ச் 1 அன்று 45 முதல் 59 வயது வரையிலான இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, நீண்டகாலமாக ஸ்டீராய்டு அல்லது நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நல்ல விஷயம். ஆனால், சுங்குவார்சத்திரம் விடுதியில் தங்கியிருக்கும் 25 வயது லூபஸ் நோயாளிக்கு அதில் இடமில்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது மே 20 அன்று. அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது.

இன்னொரு பக்கம் வாட்ஸ்அப் வதந்திகள். "இந்த நோய் உள்ளவங்க ஊசி போட்டா கை கால் முடங்கிடும்" என்று பரவிய செய்தியை நம்பி ஊசியைத் தவிர்த்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். நிபுணர்கள் சொன்னது நேர்மாறாக இருந்தது: இவர்கள்தான் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். 40 நாடுகளைச் சேர்ந்த 600 மூட்டுவாத நோயாளிகளின் விவரங்களை வைத்து 2020இல் வந்த சர்வதேச ஆய்வு, நாளொன்றுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் கொரோனாவில் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. நோயைக் கட்டுக்குள் வைத்து ஸ்டீராய்டின் அளவைக் குறைத்து வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். அதற்குத்தான் மற்ற மாத்திரைகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

நம் பக்கத்து மாநிலத்தின் கொச்சியில், கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஊசி போட்ட பிறகு மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக உருவாவதை அது காட்டியது. பிரிட்டனிலும் இதேபோன்ற முடிவு வந்தது. ஆனால், நிறுத்தும்போது சிலருக்கு நோய் கிளம்பவும் செய்தது. அதனால் இது மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டியது, தாமாகச் செய்யக் கூடாது.

ரமளானும் மருந்தும்

2020 ரமளானும் 2021 ரமளானும் இந்தக் கவலைகளுக்கு நடுவில்தான் வந்தன. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. "நோன்பை விட மனசு வரலை, மாத்திரையை விட்டுட்டேன்" என்று சொல்லும் தாய்மார்கள் ஒவ்வொரு ரமளானிலும் இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமானால் பிறகு நோற்கலாம், நிரந்தரமாக இயலாதவருக்குப் பரிகாரமும் உண்டு. பல நேரங்களில் மாத்திரையை விடவே தேவையில்லை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதை இஃப்தாருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும்படி மாற்றலாம். மற்றவற்றை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக்கொள்ளலாம். ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

இனி என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது உண்டு. தட்டுப்பாடு வரும்போது ஏற்கனவே சாப்பிட்டு வருபவர்களுக்கு ஒதுக்கீடு, நெருக்கடிக் காலத்தில் பழைய சீட்டுக்கு நீட்டிப்பு, தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கே வாரம் ஒருநாளாவது வரும் மூட்டுவாத நிபுணர் ஆகியவை அதில் முக்கியமானவை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே இருக்கிறது. அதன் சேவை ஒரகடத்தை எட்ட வேண்டும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நோயைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும், கைவிரல்களுக்கு வேலை குறைவான இடத்துக்கு மாற்றமும் இருந்தால், நல்ல தொழிலாளியை இழக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது இன்றைக்கே தொடங்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால் மருத்துவர் சீட்டு, பரிசோதனை முடிவுகள், மருந்துகளின் பெயரும் அளவும் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கைபேசியிலும் படம் எடுத்து வைப்போம். எப்போதும் ஒரு மாத மருந்து கையிருப்பில் இருக்கட்டும், அதற்கு மேல் பதுக்க வேண்டாம். ஊர் பெயர் தெரியாத பொடிகளை "பக்க விளைவு இல்லை" என்று வாங்க வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை தெரியவந்திருக்கிறது. திருமணமான பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொரோனா நாட்களில் உணவுப் பொட்டலமும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் கொண்டு சேர்த்த, ஜனாஸாக்களை சாதி மதம் பாராமல் அடக்கம் செய்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு சிறு பகுதி போதும். மஹல்லாவில் மாதாமாதம் மருந்து தேவைப்படுபவர்கள் யார் யார் என்ற பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடும் ரகசியம் காத்தும் தயாராக வைத்திருக்கலாம். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து, எந்த மஹல்லா பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் இந்தத் தொழில் வட்டாரத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களையும் அதில் சேர்க்க வேண்டும். ஜகாத் பங்கீட்டில் ஒரு தடவை அறுவை சிகிச்சைக்குக் கொடுப்பதைப் போலவே, வருடம் முழுவதும் மாத்திரைக்குத் திண்டாடும் தகுதியுள்ளவரையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. காலையில் எழுந்து, கதவுத் தாழ்ப்பாளைத் திருக முடியாமல் நிற்கும் மனைவியிடமோ மகளிடமோ, "சும்மா மூட்டுவலிதானே" என்று சொல்வதை நிறுத்துவோம். அவர்கள் கைகளைப் பார்ப்போம். இரண்டு கையும் வீங்கியிருந்தால், விறைப்பு ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போவோம். தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் இந்த நோயோடு வேலைக்குப் போகவும், தொழவும், பிள்ளைகளை வளர்க்கவும் முடியும். நோயாளிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களின் மாத்திரை தீரும் முன்பே கவனிக்கும் மனதை நமக்கும் தருவானாக.